ஆங்கிலச் சொல்லைக் காதால் தேடாதீர்கள்: ஸ்கிரபிள், வேர்டில் ஆடுவோருக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் தமிழ் மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள், எழுத்துத் துண்டுகளால் ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிரபிள் பலகையின் முன் திணறினால், சொல் தெரியவில்லை என்றுதான் பெரியவர்கள் நினைக்கிறார்கள். பல நேரம் சொல் தெரியும், தேடும் முறைதான் பிழை. தமிழில் காதில் விழுவதைப் பெரும்பாலும் அப்படியே எழுதிவிடலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலச் சொல்லையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லித் தேடுகிறோம். கே, என் இரண்டும் கையில் இருந்தும் ‘நைஃப்’ அகப்படாமல் போவது இதனால்தான். ‘ந’ ஓசையைத் தேடும் மனம் கே எழுத்தைத் தொடுவதே இல்லை.

ஆகவே முதல் வேலை, ஒரு கொப்பியில் ஒலிக்காத எழுத்துகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது. கே-என் என்று தொடங்குபவை: நைஃப், நீ (முழங்கால்), நொட் (முடிச்சு). டபிள்யூ-ஆர் என்று தொடங்குபவை: ரைட் (எழுது), ரோங், ரிஸ்ட். எம்-பி என்று முடிபவை: தம் (கட்டைவிரல்), லேம், கோம். கடைசி எழுத்து ஒலிக்காவிட்டாலும் எழுதத்தான் வேண்டும். இவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதிப் பாருங்கள். மெய்யெழுத்துகள் அடுக்கி வரும் தொடக்கங்களுக்கு இன்னொரு பக்கம் வையுங்கள். தமிழ்ச் சொல் மெய்க்கூட்டத்தில் தொடங்காது என்பதால் ஸ்ட்ரீட், ஸ்ப்ளாஷ் போன்றவை நம் கண்ணுக்குக் கடைசியில்தான் படும்.

இனிக் கையில் உள்ள ஏழு எழுத்துகள். (இங்கே ‘ரீ’ என்பது ஆங்கில வரிசையில் 20-ஆவது எழுத்து, ‘டீ’ 4-ஆவது.) துண்டுகள் வந்த வரிசையிலேயே வைத்துக்கொண்டு முறைத்துப் பார்க்காதீர்கள், கலைத்துக் கலைத்து அடுக்குங்கள். ஈ-ஆர், ஈ-டீ, ஐ-என்-ஜி, எல்-வை ஆகிய விகுதிகள் இருந்தால் அவற்றை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மீதியைப் பாருங்கள். உதாரணமாக ஏ, சீ, ஈ, ஈ, எச், ஆர், ரீ வந்திருக்கிறது. ஈ-ஆரை ஒதுக்கினால் மிஞ்சும் ஐந்தில் ‘டீச்’ தெரியும், அப்படியானால் ‘டீச்சர்’. அதே ஐந்தில் ‘சீட்’ என்ற ஏமாற்றும் இருக்கிறது, ஆகவே ‘சீட்டர்’. இரண்டுக்கும் பலகையில் இடமில்லை என்றால்? ஈ-ஆர் விகுதியை உடைத்துவிடுங்கள். அதே ஏழு எழுத்தில் ‘ஹெக்டேர்’ வரும். தேயிலைத் தோட்டத்தில் நாளும் காதில் விழும் சொல்தான், ஆனால் விகுதியையே பிடித்துக்கொண்டிருப்பவருக்குத் தட்டுப்படாது. அதன் எழுத்துகளின் புள்ளிகளைக் கூட்டினால் 12. ஏழையும் ஒரே முறையில் வைத்ததற்கு 50 கூடி, புள்ளியைக் கூட்டித் தரும் பலகையின் நிறக் கட்டங்களைச் சேர்க்காமலே 62 வரும்.

இப்படிப்பட்ட சொற்களைச் சேமிக்க நல்ல வழி ஒன்று உண்டு. எழுத்துகளை அகர வரிசையில் இடப்பக்கம் எழுதி, அவற்றில் பிறக்கும் சொற்களை எல்லாம் எதிரே எழுதுங்கள். ஆட்டத்தில் துண்டுகளையும் அதே வரிசையில் அடுக்கினால் கொப்பியின் பக்கம் கண்முன் வரும். ‘பெக்கோ’வுக்கும் ஒரு வரி கொடுங்கள். பீ-ஈ-கே-ஓ-ஈ, 11 புள்ளி. தேயிலைத் தரத்தின் பெயராக இருந்தாலும் அகராதியில் சாதாரணச் சொல்தான், தாராளமாக வைக்கலாம். ஹட்டன், பதுளை போன்ற ஊர்ப்பெயர்கள் செல்லாது.

கியூ வந்ததும் யூவுக்காகக் காத்திருப்பது பெரிய நட்டம். பெட்டியில் கியூ ஒன்று, யூ நான்கு மட்டுமே. கியூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லே 11 புள்ளி தரும். கியூ-ஏ-ரீயும் செல்லும். பக்கீர், நிக்காப், தலாக் என்று நாம் ஏற்கெனவே அறிந்த சொற்களும் ஆங்கில அகராதியில் யூ இல்லாத கியூவோடு உள்ளன: எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர், என்-ஐ-கியூ-ஏ-பி, ரீ-ஏ-எல்-ஏ-கியூ. வேறு இரண்டெழுத்துச் சொற்களும் உண்டு: எக்ஸுக்கு முன்னால் ஏ, ஈ, ஓ எதுவும் வரலாம். இசட்டுக்குப் பின்னால் ஏ.

மறைந்திருக்கும் ஒரு சொல்லை ஊகிக்கும் வேர்டிலில் சிக்கல் வேறு. ஐந்து எழுத்து, ஆறு வாய்ப்பு. கடைசி நான்கு ஐ-ஜி-எச்-ரீ என்று தெரிந்ததும் பலர் லைட், நைட், ரைட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தோற்பார்கள். ஈ, எஃப், எல், எம், என், ஆர், எஸ், ரீ எனக் குறைந்தது எட்டு எழுத்துகள் முன்னால் வரலாம், ஆறு வாய்ப்பு போதாது. அந்த இடத்தில் ‘ஃபில்ம்ஸ்’ என்று போடுங்கள். விடை அதுவாக இருக்காது, ஆனால் எஃப், எல், எம், எஸ் நான்கும் ஒரே வரியில் சோதிக்கப்பட்டுவிடும். நான்கும் இல்லை என்றால் பெரும்பாலும் மிஞ்சுவது நான்கே சொற்கள். ஒரே எழுத்து இருமுறை வரலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டில் பயிற்சி செய்யப் போன் உதவும். தோட்டத்தின் மேல் டிவிசன்களில் சிக்னல் நிலைப்பதில்லை, ஆகவே டவுனுக்குப் போகும்போது ஒரு சொற்பட்டியலை வெறும் டெக்ஸ்ட் கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ‘எனேபிள்’ (ENABLE) பட்டியலில் சுமார் 1,72,000 சொற்கள் உள்ளன, அளவு 2 எம்பிக்குள்தான். ரெகெக்ஸ் தேடல் (குறிகளைக் கொண்டு சொல்லின் வடிவத்தைத் தேடும் வசதி) உள்ள டெக்ஸ்ட் எடிட்டரில் ^.....$ என்று கொடுத்தால் ஐந்தெழுத்துச் சொற்கள் மட்டும் வரும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எழுத்து, தெரிந்த எழுத்தை அதற்குரிய புள்ளியின் இடத்தில் போடுங்கள். இடம் தெரியாத எழுத்துகளுக்கு, முதலில் ஒன்றைத் தேடி, கிடைத்த சொற்களைத் தனியாக நகலெடுத்து, அதற்குள் அடுத்ததைத் தேடுங்கள்.

ஒன்றுமே வரவில்லையா? போன் கீபோர்ட் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கும், அல்லது கோப்பின் வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கும். $ குறியை எடுத்துவிட்டு மீண்டும் தேடினால் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

எனேபிள் பழைய பட்டியல். கியூ-ஐ, இசட்-ஏ இரண்டும் அதில் இல்லை, ஸ்கிரபிள் போட்டிகளில் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் உண்டு. வட அமெரிக்காவுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது. எதன்படி ஆடுகிறோம் என்பதை முதல் துண்டை எடுக்கும் முன்பே எதிராளியோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.