பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

"மாசம் 15,000 கேட்டிருக்கீங்க. பாப்பாவுக்கு என்னென்ன செலவும்மா?" முதல் வாய்தாவில் நீதிபதி என்னிடம் கேட்ட கேள்வி இது. எனக்குப் பதில் வரவில்லை. மனு டைப் செய்த அன்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்ன தொகை அது. அன்று சாயங்காலமே ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. இப்போது எங்கள் லைனில் யாராவது எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) போடப் போகிறேன் என்றால், வக்கீலைப் பார்க்கும் முன் அந்த நோட்டைத்தான் காட்டுகிறேன்.

பிள்ளைக்கு இத்தனை சதவீதம் என்று நம் சட்டத்தில் கணக்கு எதுவும் இல்லை. எல்லோரும் சொல்லும் "சம்பளத்தில் 25 சதவீதம்" என்பது 2017-இல் ஒரு வழக்கில் மனைவிக்கான தொகையைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைக்கு அதை அப்படியே போட முடியாது. 2020 நவம்பர் 4-இல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புதான் இன்று எல்லா நீதிமன்றங்களுக்கும் வழிகாட்டி. சாப்பாடு, துணி, இருப்பிடம், மருத்துவம், படிப்பு எல்லாம் பிள்ளையின் செலவில் சேரும் என்கிறது அது. படிப்புச் செலவு பொதுவாக அப்பாவுடையது. அம்மாவும் போதுமான அளவு சம்பாதித்தால் இருவரின் வருமானத்துக்கு ஏற்பச் செலவைப் பங்கிடலாம்.

ஆகவே முதலில் செலவு. வருடத்துக்கு ஒரு முறை கட்டுவதை 12-ஆல் வகுத்து மாதக் கணக்காக்குங்கள். நாலாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளிக் கட்டணம் வருடம் 30,000, மாதத்துக்கு 2,500. வேனுக்குப் பத்து மாதம் 900 வீதம் கட்டுகிறோம். 12 மாதத்துக்குப் பரப்பினால் 750. யூனிபார்ம், ஷூ, நோட்டுப் புத்தகம் 500. சாப்பாடும் பாலும் 3,500. வீசிங் இருப்பதால் டாக்டர், இன்ஹேலர் 1,000. டியூஷன் 500, தீபாவளி உட்படத் துணிமணிக்கு 400.

பலரும் விடுவது வாடகையை. வாடகை 6,000, வீட்டில் நான், அம்மா, மகள் மூவர். மகளின் பங்கு 2,000. கரண்ட், கேஸில் அவள் பங்கு 350. மொத்தம் 11,500. நான் முதலில் கேட்ட 15,000-ஐ விடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் என்னிடம் பதில் இருந்தது. மருந்துக் கடை பில்லில் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து நோட்டில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது வருமானம். இருவருமே சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதும் அந்த 2020 தீர்ப்புதான். உங்கள் சம்பளத்தை மறைக்காதீர்கள். பாஸ்புக்கில் தெரிந்துவிட்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது.

எங்கள் ஊரில் சிக்கல் வாரச் சம்பளம். சனிக்கிழமை கையில் ரொக்கமாக வருவதற்கு ரசீது ஏது? பாப்பாவின் அப்பா மாதம் 12,000 என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் பைக் லோன் வாங்கும்போது 32,000 என்று அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த விண்ணப்பத்தை வரவழைக்க வக்கீல் மனுப் போட்டார். சீட்டுத் தவணை, ஜிபே வரவு, கட்டும் வாடகை இவையும் உதவும். வேலையே இல்லை என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம். உடம்பில் தெம்புள்ளவர் கூலி வேலை செய்தாவது கொடுக்க வேண்டும் என்று 2022-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பி.எஃப்., வரி போன்ற கட்டாயப் பிடித்தம் போகக் கைக்கு வருவதைத்தான் பார்ப்பார்கள்.

என் சம்பளம் 14,000, அவருடையது 32,000, சேர்த்து 46,000. 11,500-ஐ இந்த விகிதத்தில் பிரித்தால் அவர் பங்கு 8,000, என் பங்கு 3,500. நீதிமன்றம் இதே கணக்கைப் போட்டாக வேண்டும் என்றில்லை. எங்களுக்கு 7,000 என்று உத்தரவானது. மனுப் போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்பதால் 11 மாதப் பாக்கி 77,000 சேர்ந்திருந்தது. மனுவைத் தள்ளிப் போட்டால் அந்த மாதங்களின் பணம் போனதுதான்.

2024 ஜூலை முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுக்குப் பதில், அதன் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவில் மனு. எந்த மதமானாலும், பெற்றோருக்கு முறைப்படி கல்யாணம் ஆகாவிட்டாலும் பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு. இடைக்கால ஜீவனாம்சத்தையும் கூடவே கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளில் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

பணத்தைக் கையில் வாங்காமல் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். நின்றுபோனால், நின்ற மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனுப் போட்டுவிட வேண்டும். அவர் சிறைக்கே போய் வந்தாலும் பாக்கி கழியாது.

நோட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஆறாவதில் பள்ளிக் கட்டணம் ஏறும். அப்போது தொகையைக் கூட்டிக் கேட்க 146-ஆவது பிரிவு இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது மூன்றாவது நோட்டு. மருந்துக் கடைக்குப் போய் வந்தால் பில்லை மகளே அதற்குள் வைத்துவிடுகிறாள்.