மங்கிப்போன ஹெட்லைட்: எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக்கூடாது

யாங்கோனில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் பல வருடம் ஓடி, கப்பலேறி வந்தவை. 2011க்குப் பிறகு இறக்குமதிக் கெடுபிடி தளர்ந்ததும் ப்ரோபாக்ஸும் விட்ஸும் ஃபிட்டுமாக வந்து இறங்கின. எஞ்சின் இன்னும் முணுமுணுக்காமல் ஓடும். ஹெட்லைட் மட்டும் பழுத்துப்போய் நிற்கும். மழைக்கால ராத்திரியில் பகோ பக்கம் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடம் தெரியும்.

ஜோடி ஹெட்லைட் வாங்கப் போகும் முன், இருப்பதைத் தெளிய வைக்க முடியுமா என்று பாருங்கள். வாட்டர் பேப்பரும் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒரு மதியப் பொழுதும் இருந்தால் போதும். ஆனால் எல்லா மங்கலும் தேய்த்தால் போகிற மங்கல் இல்லை.

முதலில் தண்ணீர் சோதனை

லைட்டைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் ஒரு கை தண்ணீரை மேலே விட்டுப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு வெளிப்பக்கம். மேலே உள்ள நுண்ணிய சொரசொரப்பைத் தண்ணீர் நிரப்புவதால்தான் அந்தத் தெளிவு; கடைசியில் நாம் அடிக்கப்போகும் பூச்சும் அதே வேலையைத்தான் காய்ந்தபின்னும் செய்கிறது. நனைத்தும் மங்கல் அசையவில்லையா? கோளாறு உள்பக்கம், அல்லது பிளாஸ்டிக்கின் ஆழத்தில். வெளியே எவ்வளவு தேய்த்தாலும் கைவலிதான் மிச்சம்.

பழைய பிக்அப், ஜீப் வகையறாக்களில் நிஜக் கண்ணாடியே இருக்கும். நகத்தால் தட்டினால் 'ணங்' என்று கேட்கும். அது மஞ்சளாகாது. அதில் பேப்பர் போடாதீர்கள், கீறல்தான் விழும்.

எந்த வகைச் சேதம்?

இப்போதைய ஹெட்லைட்டின் முகப்பு பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டாலும் சட்டென்று உடையாது, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அதற்கு ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே மெல்லிய காப்புப் பூச்சு அடித்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு தேய்ந்த இடத்தில் வெயில் நேராகப் பிளாஸ்டிக்கைத் தின்கிறது, மஞ்சள் ஏறுகிறது. வண்டியை தினமும் ஒரே இடத்தில் நிறுத்துபவர்கள் இரண்டு லைட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வெயில் படும் பக்கம் கூடுதலாகப் பழுத்திருக்கும். இதுதான் சுலபமாகத் தேறுகிற கேஸ்.

பூச்சு தேயாமல் செதில் செதிலாக உரிவது இன்னொரு வகை. ஓரத்தில் நகம் வைத்தால் தட்டுப்படும். இதுவும் தேறும், ஆனால் மிச்சப் பூச்சை முழுக்க எடுத்தாக வேண்டும் என்பதால் வேலை இரட்டிப்பு.

கல்லடிக் குழிகளும் கீறல்களும் ஓரளவு மட்டுப்படும். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலை முழுக்க எடுக்கப் பார்த்தால் அந்த இடம் பள்ளமாகி வெளிச்சம் கோணும், விட்டுவிடுங்கள்.

பிளாஸ்டிக்குக்குள்ளேயே சிலந்தி வலை போல நரம்பு நரம்பாக வெடிப்பு தெரிந்தால் மருந்து கிடையாது. தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைப்பதும், 60/55 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் மாட்டுவதும் இதை வரவழைக்கும். மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே ஆவி பிடித்தால் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியையும் காற்றுக் குழாயையும் பாருங்கள். மூடியைக் கழற்றி நல்ல வெயிலில் வைத்தாலே பல லைட்டுகள் காய்ந்துவிடும். மறுபடி மறுபடி தண்ணீர் தேங்கினால் எங்கோ விரிசலோ, ஓரப் பசை விட்டதோ இருக்கும். சூடு காட்டி முகப்பைப் பிரிப்பது பட்டறைக்காரர் வேலை, முதல் முயற்சியில் வேண்டாம்.

தேய்க்கும் முறை

வேண்டியவை: 800, 1000, 1500, 2000, 3000 எண் வாட்டர் பேப்பர் (எண் கூடக் கூட நைசு), மாஸ்கிங் டேப், வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, பாலிஷ் காம்பவுண்ட், மெத்தென்ற துணி.

லைட்டைச் சுற்றியுள்ள பெயிண்ட்டை இரண்டு சுற்று டேப் ஒட்டி மறையுங்கள். இதில் சோம்பல்பட்டால் பானெட் விளிம்பில் பெயிண்ட் போய்விடும்.

பேப்பர்களைப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். வெறும் மஞ்சள் என்றால் 1000, பூச்சு உரிந்திருந்தால் 800இல் தொடங்குங்கள். விரலால் அழுத்தாமல் ஒரு ஸ்பாஞ்சில் சுற்றி, இடவலமாக மட்டும் தேய்க்க வேண்டும். தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். முதலில் வடிகிற சேறு மஞ்சளாக இருக்கும், பூச்சு போனபின் வெள்ளையாகும். அப்போது துடைத்துக் காயவைத்துச் சாய்வாகப் பாருங்கள். எங்காவது திட்டாகப் பளபளத்தால் அங்கே பழைய பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழுக்க ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும்வரை அடுத்த பேப்பருக்குப் போகக்கூடாது.

இந்தக் கட்டத்தில் லைட் முன்பைவிடக் கேவலமாகத் தெரியும். பயப்படாதீர்கள்.

அடுத்த பேப்பரை மேலும் கீழுமாகத் தேயுங்கள், அதற்கடுத்ததை மறுபடி இடவலமாக. திசை மாற்றினால்தான் முந்தைய பேப்பரின் கோடு போயிற்றா என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றுங்கள். பழைய எண்ணின் ஒரு துகள் தங்கினாலும் கோடு கிழிக்கும். 3000 முடிந்ததும் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் தெளிவு வந்துவிடும். டிரில்லில் ஸ்பாஞ்ச் மாட்டிச் செய்பவர்கள் வேகத்தைக் குறைத்து, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்துங்கள். சூடேறினால் பிளாஸ்டிக் இளகிவிடும்.

டூத்பேஸ்ட்? அதுவும் மெல்லிய காம்பவுண்ட்தான், லேசான மங்கலை எடுக்கும். சில வாரத்தில் பழைய கதை. கொசு விரட்டி ஸ்ப்ரே அடித்துப் பளபளப்பைக் காட்டும் வீடியோக்களை நம்பவே வேண்டாம். அது மேற்பரப்பைக் கரைத்துக் காட்டுகிற பளபளப்பு.

பூச்சு இல்லாவிட்டால் எல்லாம் வீண்

பெரும்பாலானவர்கள் பாலிஷோடு நிறுத்திவிடுகிறார்கள். நாம் இருந்த காப்பையும் எடுத்துவிட்டோம் என்பதை மறக்காதீர்கள். வெறும் பிளாஸ்டிக் வெயிலில் நின்றால் சில மாதத்திலேயே மறுபடி மஞ்சள் ஏறும்.

ஆரம்பக்காரர்களுக்கு, துணியில் தொட்டுத் துடைக்கிற வகைப் புற ஊதாக் காப்புப் பூச்சு நல்லது. ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, கை படாமல், ஒரே திசையில் ஒரே இழுப்பாகப் பூசுங்கள். பூசிய இடத்துக்குத் திரும்பப் போனால் கோடு விழும். மெழுகும் போடலாம், ஆனால் அடிக்கடி போட வேண்டும். ஸ்ப்ரே கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) அடிப்பதானால் 1000 அல்லது 1500உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். பூச்சுக்குப் பிடிமானம் வேண்டும், மிச்சக் கோட்டை அதுவே நிரப்பும். கடினமாக்கி கலக்கும் இருபொருள் கிளியர்தான் நீண்ட நாள் உழைக்கும். அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, காகித மாஸ்க் தடுக்காது. முறையான முகக்கவசம் உள்ள பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள்.

நம் ஊரில் காலமும் பார்க்க வேண்டும். ஜூன், ஜூலை ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு பால் போல வெளுக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோது. ஏப்ரலில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய நாள் பூசாதீர்கள். ஒரு முழு நாளாவது ஈரம் படாமல் இருக்கட்டும்.

கடைசியாக, வெளிச்சத்தைக் குனிய வையுங்கள்

பர்மாவில் 1970 முதல் வலப்பக்கமாக ஓட்டுகிறோம். ஜப்பான் வண்டியின் டிம் வெளிச்சமோ இடப்பக்கம் ஓட்டுவதற்காக, இடது ஓரத்தில் மேலே ஏறும். இங்கே இடப்பக்கம் எதிர்வண்டி வருகிறது. மங்கலாக இருந்தவரை யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். தெளிந்தபின் அது நேராக அவர்கள் கண்ணில் அடிக்கும். சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, பல்பின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 5 செ.மீ. கீழே நிற்கும்படி லைட்டின் பின்னால் உள்ள திருகைச் சரிசெய்யுங்கள். ராத்திரி ஓட்டும்போது எதிரே வருகிறவர்கள் ஹைபீம் அடித்துக் காட்டினால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.