கியூஜிஐஎஸ் லேயரை பைத்தானில் வடிகட்டி எக்ஸ்போர்ட் செய்வது

வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் நாற்பது லேயருக்கும் (தரவு அடுக்குக்கும்) ஒரே வடிகட்டலை மவுஸால் செய்து கை ஓய்ந்த பிறகுதான் அதற்குள்ளேயே கட்டளை எழுதும் பைத்தான் கன்சோல் பக்கம் போனேன். கன்ட்ரோல், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும்.

லேயர் பேனலில் வேண்டியதைக் கிளிக் செய்துவிட்டு, கியூஜிஐஎஸ் திரையைக் கையாளும் ஐஃபேஸிடமிருந்து ஆக்டிவ்லேயரை வாங்கி ஒரு மாறியில் வையுங்கள். அடுத்து, நிபந்தனைக்குப் பொருந்தும் பதிவுகளைத் தேர்ந்தெடுக்க அந்த லேயரின் செலக்ட்பைஎக்ஸ்பிரஷன். நிபந்தனையில் புலத்தின் (அட்டவணை நெடுவரிசையின்) பெயருக்கு இரட்டை மேற்கோள், எழுத்து மதிப்புக்கு ஒற்றை மேற்கோள். மாற்றிப் போட்டால் மதிப்பையும் புலப்பெயராக எடுத்துக்கொள்ளும், ஒன்றும் சிக்காது.

நான் வாங்கிய அடி வேறு. கிணறுகள் லேயரில் மொத்தம் 1,240 பதிவுகள். நிலை என்ற புலத்தில் 90 கிணறுகளுக்கு 'மூடியது' என்று இருந்தது. அவற்றை மட்டும் விலக்க != (சமமில்லை) போட்டேன். 1,150 வர வேண்டும்; வந்தது 812. பார்க்காமலே அனுப்பியும் விட்டேன். காணாமல் போன 338-லும் நிலை புலம் நல், அதாவது யாரும் நிரப்பவே இல்லை. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடையும் நல்தான். 'உண்மை' ஆகாததால் அந்தப் பதிவு சத்தமில்லாமல் கழன்றுவிடும். நிபந்தனையின் பின்னால் ஓர் 'ஆர்' (அல்லது) போட்டு, அதே புலத்துக்கு 'இஸ் நல்' சேர்த்தால் தீர்ந்தது. இப்போதெல்லாம் தேர்வான பதிவுகளின் எண்ணிக்கையைத் தரும் செலக்டட்ஃபீச்சர்கவுன்ட்டைப் பிரின்ட் செய்து பார்க்காமல் எழுதும் வரிக்குப் போவதில்லை.

ஃபைலாக எழுதுவதற்கு வெக்டர்ஃபைல்ரைட்டர். கியூஜிஐஎஸ் 3.20-லிருந்து அதில் ரைட்ஆஸ்வெக்டர்ஃபார்மட்வி3 இருக்கிறது. ஆப்ஷன்ஸில் ஒன்லிசெலக்டட்ஃபீச்சர்ஸை ட்ரூ ஆக்குங்கள்; மறந்தால் முழு லேயரும் போய்விடும். ஏற்கெனவே இருக்கிற ஜியோபேக்கேஜில் (பல லேயர்களை வைக்கும் ஒரே ஃபைலில்) இன்னொரு லேயர் சேர்ப்பதானால் ஆக்‌ஷன்ஆன்எக்ஸிஸ்டிங்ஃபைலை 'கிரியேட்ஆர்ஓவர்ரைட்லேயர்' என்று வையுங்கள். இயல்பான அமைப்பு ஃபைலையே புதிதாக எழுதும், பழைய லேயர்கள் அத்தனையும் காலி.

பழைய ஃபைல் வடிவமான ஷேப்ஃபைல் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் புலப்பெயருக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'கிணறு' என்ற ஒரு சொல்லே 15 பைட், பாதியில் வெட்டுப்படும். நான் ஜியோபேக்கேஜ்தான் கொடுப்பேன்.

எழுதும் ஃபங்ஷன் திருப்பித் தரும் முதல் மதிப்பு 0 என்றால் பிழையில்லை. இருந்தாலும் புதிய ஃபைலை ஏற்றி, ஃபீச்சர்கவுன்ட் முன்பு பிரின்ட் செய்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.