ஹெட்லைட் போட்டால் முள் எகிறுகிறதா? பழைய காரில் ஹீட் மீட்டர் கோளாறைக் கண்டுபிடிக்கும் முறை

எங்கள் வீட்டு அம்பாசடரில் பழைய மீட்டர் செத்துப்போனதால், இன்ஜின் சூட்டைக் காட்டும் எலக்ட்ரிக் ஹீட் மீட்டர் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தியிருந்தோம். பகலில் முள் 80 டிகிரியில் ஒழுங்காக நிற்கும். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும்போது பாபநாசம் தாண்டி இருட்டிவிட்டால் போச்சு. ஹெட்லைட் போட்ட அடுத்த நொடியே முள் 105-க்கு ஏறிவிடும், அணைத்தால் இறங்கிவிடும். ஒரு நொடியில் எந்த இன்ஜினும் 25 டிகிரி சூடாகாது. புது மீட்டர் வாங்கிவிடுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். கடைசியில் ஒரு துண்டு உப்புத்தாளில் வேலை முடிந்தது. அதனால் மீட்டரைக் கழற்றி எறிவதற்கு முன் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

ஒரு மல்டிமீட்டர், கொஞ்சம் ஒயர், ஸ்பேனர், உப்புத்தாள் இருந்தால் போதும். மீட்டரின் பின்னால் ஒயருக்குப் பதில் மெல்லிய செம்புக் குழாய் போனால் அது வேறு வகை, இந்த முறை அதற்குப் பொருந்தாது.

முதலில்: சூடு உண்மையா?

முள் மேலே போனால் மீட்டரைச் சந்தேகிப்பதற்கு முன் இன்ஜினைப் பாருங்கள். கூலன்ட் குறைந்திருக்கிறதா, ஃபேன் பெல்ட் தொய்ந்திருக்கிறதா, ரேடியேட்டர் ஒழுகுகிறதா? இதையெல்லாம் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். இன்ஜின் சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் ஒயருக்கு வாருங்கள்.

இரண்டாவது: மீட்டருக்குக் கரண்ட் வருகிறதா?

மீட்டரின் முதுகில் பெரும்பாலும் மூன்று முனைகள் இருக்கும்: கரண்ட் வரும் பிளஸ், வண்டித் தகடு வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பும் எர்த், இன்ஜினில் சூட்டை உணரும் சென்சாருக்கான முனை. விளக்குக்கு வரும் ஒயர் தனி. மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். இக்னிஷனைப் போட்டு பிளஸ் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 12 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் போகும். எதுவும் வரவில்லையா, பியூஸைப் பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் கம்பெனி மீட்டர்களுக்காக 10 வோல்ட் தரும் ஸ்டெபிலைசர் உண்டு. புது மீட்டருக்கான கரண்டை அங்கிருந்து எடுத்திருந்தால் அது தப்பாகத்தான் காட்டும். நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள்.

மூன்றாவது: எர்த்

பெரும்பாலான கோளாறு இங்கேதான். பாபநாசத்தில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, எல்லாரும் வாய்க்காலையே பாக்குறீங்க, வடிகாலைப் பாருங்க." வயலுக்குத் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். வடிகால் அடைத்திருந்தால் வயலில் மட்டம் ஏறும். எர்த்தும் அப்படித்தான். துருப்பிடித்த இடத்தில் எர்த் கொடுத்திருந்தால், அதே இடத்தில் வேறு விளக்குகளின் எர்த்தும் சேர்ந்திருந்தால், விளக்கு எரியும்போது அங்கே வோல்டேஜ் ஏறி நிற்கும். சென்சாரின் எர்த்தோ இன்ஜினில் இருக்கிறது. இரண்டுக்கும் மட்டம் வேறாகிவிடுவதால் மீட்டர் ஏமாந்துபோய் அதிகச் சூடு காட்டுகிறது.

இதை அளந்தே பார்த்துவிடலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை மீட்டரின் எர்த்திலும் இன்னொன்றைப் பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எங்கள் வண்டியில் 1.4 காட்டியது! டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு திருகில் நான்கு ஒயர்களைச் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். திருகைக் கழற்றியபோது செம்பு நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு, அதன் கீழே பெயின்ட், பெயின்ட்டுக்குக் கீழே துரு. நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு இது சகஜம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். பித்தளைப் பாத்திரம் போல் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், புளிப்பு தங்கி மறுபடி அரிக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, தகடு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, ஒயர் நுனியில் புது லக் (திருகில் மாட்டும் வளையம்) போட்டு, ஹீட் மீட்டருக்கு மட்டும் தனி எர்த் கொடுத்தேன். 1.4 வோல்ட் 0.04 ஆனது.

நான்காவது: சென்சார் ஒயர்

சென்சாரிலிருந்து ஒயரைக் கழற்றி, இக்னிஷனைப் போடுங்கள். முள் குளிர்ந்த பக்கக் கடைசியில் இருக்க வேண்டும். அந்த ஒயரை இரண்டு நொடி மட்டும் இன்ஜின் பிளாக்கில் தொட்டால் சூடான பக்கக் கடைசிக்கு ஓட வேண்டும். (டிஜிட்டல் மீட்டரில் இதைச் செய்யாதீர்கள். ஆயில் பிரஷர் மீட்டர் பலவற்றில் முள் எதிர்ப்பக்கம் ஓடும்.) இரண்டும் சரியாக நடந்தால் மீட்டரும் ஒயரும் நல்லவை. முள் அசையவில்லையென்றால், மீட்டரின் சென்சார் முனையை ஒரு துண்டு ஒயரால் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். இப்போது ஓடினால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. தை அறுவடை முடிந்ததும் வயல் எலி ஷெட்டுக்குள் வந்துவிடும், பானெட்டைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள். கரண்டும் எர்த்தும் சரியாக இருந்து, அப்போதும் முள் அசையவில்லையென்றால்தான் மீட்டர் போச்சு.

கடைசியாக: சென்சார்

ஒற்றை முனை சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். ஒழுகாமல் இருக்க அதில் டெஃப்ளான் டேப்பைக் கனமாகச் சுற்றிவிடுவார்கள், அதனாலேயே எர்த் கிடைக்காமல் போகும். சென்சாரைச் சோதிக்க, ஆறிய இன்ஜினிலிருந்து கழற்றி, அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். மல்டிமீட்டரை ஓமில் (மின்தடை அளக்கும் இடத்தில்) வைத்து ஒரு முனையைச் சென்சார் முனையிலும் இன்னொன்றை அதன் உடம்பிலும் பிடியுங்கள். சூடு ஏற ஏற ஓம் சீராக இறங்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் வி.டி.ஓ. என்ற கம்பெனியின் வகையில், 120 டிகிரி வரை அளக்கும் சென்சார் 40 டிகிரியில் 290 ஓம் பக்கமும், 100-ல் 40 ஓம் பக்கமும் காட்டும். டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய தரை என்பதால் நம் ஊரில் தண்ணீர் ஏறக்குறைய சரியாக 100 டிகிரியில் கொதிக்கும். கொதிநிலையையே அளவாக வைத்துக்கொள்ளலாம். ஓம் தாறுமாறாகத் தாவினால் சென்சாரை மாற்றுங்கள். அதே மீட்டருக்கு உரிய சென்சாராகக் கேட்டு வாங்குங்கள், மரை பொருந்துகிறதே என்று எதையாவது போட்டால் முள் என்றைக்கும் பொய்தான் சொல்லும்.

மாட்டியபின் கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்தபடியே சிறிது நேரம் இன்ஜினை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். அப்புறம் மூடியைப் போட்டு, ஹெட்லைட், வைப்பர், ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் போட்டு முள்ளைக் கவனியுங்கள். ஹெட்லைட்டுக்கு அது அசையாமல் நின்றால் பானெட்டை மூடிவிடலாம்.