சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் அரண்மனைக்கு ஒரு நாள்: முதல் முறை போகிறவர்களுக்கு

பினாங்கு, லங்காவி, கேமரன்மலை எல்லாம் போய் வந்திருப்போம், ஆனால் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாத கோலகங்சாரின் மர அரண்மனை இஸ்தானா கெனாங்கானை எட்டிப் பார்த்திருக்க மாட்டோம். நம் தோட்டத்துப் பக்கம் இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். போன மாதம் கூட்டாளிகள் ஆறு பேர், என் அம்மா என்று ஏழு பேராகப் போய் வந்தோம். அதற்கு முந்தைய தடவை எதையும் விசாரிக்காமல் போய், பாதியைப் பார்க்காமலே திரும்பியிருந்தோம். அது உங்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை: நாள் குறிப்பது

வெள்ளிக்கிழமை வேண்டாம். அரண்மனையோடு பள்ளிவாசலையும் பார்க்கப் போகிறோம், ஜும்மா நேரத்தில் அங்கே சுற்றிப் பார்ப்பது சரியாக இருக்காது. அரண்மனை அருங்காட்சியகமும் பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கேலரியும் நீங்கள் போகும் அன்று திறந்திருக்குமா என்று முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மூடியிருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம், ஏனென்றால் அந்த அரண்மனையின் அழகு பெரும்பாலும் வெளிச்சுவரில்தான் இருக்கிறது.

இரண்டாவது: வண்டியும் பணமும்

ஆளுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்) முன்பே வாங்கி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள், பெட்ரோல், சாப்பாடு எல்லாம் அதிலிருந்து போகட்டும். கார் இல்லாதவர்கள் ஈப்போவிலிருந்து வரும் கோலகங்சார் பஸ்ஸை நம் ஊரிலேயே பிடிக்கலாம், டவுனில் இறங்கி கிரேப் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளலாம். முழங்காலை மறைக்கும் உடை கட்டாயம். பெண்கள் தலையில் போட ஒரு சால்வை, எல்லோருக்கும் குடை, தண்ணீர். அவ்வளவுதான்.

மூன்றாவது: தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள்

ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்து ஏழரைக்குக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள், அரண்மனையும் பள்ளிவாசலும் இருக்கும் புக்கிட் சண்டான் போய்விடலாம். டவுனிலிருந்து போகும்போது முதலில் பள்ளிவாசலின் தங்கக் குவிமாடம்தான் கண்ணில் படும், எல்லோரும் அங்கேயே வண்டியை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாமல் நேராக இஸ்தானா கெனாங்கானுக்குப் போங்கள். வழியில் தெரியும் பெரிய வெள்ளை அரண்மனை 1933இல் கட்டி முடித்த இஸ்தானா இஸ்கண்டாரியா. அது சுல்தானின் அதிகாரபூர்வ அரண்மனை, உள்ளே விட மாட்டார்கள், வாசலோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இஸ்தானா கெனாங்கான் 1926இல் சுல்தான் இஸ்கண்டார் காலத்தில் எழுந்தது. பெரிய அரண்மனை தயாராகும் வரை சுல்தான் குடும்பம் தங்குவதற்காகக் கட்டிய மரவீடு. வரைபடமும் கிடையாது, ஓர் இரும்பு ஆணியும் கிடையாது, மரத்தோடு மரத்தைப் பொருத்தியே முழு வீட்டையும் நிறுத்தியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் உறையில் போட்ட வாள் மாதிரி இருக்கும் என்பார்கள். கீழே நிற்கிற நமக்கு அது தெரியாது, அதனால் நீளவாக்கில் ஒரு முறை முழுக்கச் சுற்றி நடந்து பாருங்கள், நீண்ட உடலும் அதன் முனையும் ஓரளவு பிடிபடும்.

இப்போது சுவருக்குப் பக்கத்தில் போங்கள், கை வைக்காமல் ஒரு முழ தூரத்தில் நில்லுங்கள். தட்டையாக்கிய மூங்கில் பட்டைகளை நம் வீட்டு முறம் மாதிரி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருப்பார்கள், வைர வடிவம் ஒன்றுக்குள் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்றே நிறங்கள். பேராக் கொடியில் இருப்பதும் இதே மூன்றுதான்: வெள்ளை சுல்தானுக்கு, மஞ்சள் பட்டத்து இளவரசரான ராஜா மூடாவுக்கு, கறுப்பு அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் ராஜா டி ஹிலிருக்கு. ஒரு பட்டை எங்கே உள்ளே போய் எங்கே வெளியே வருகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து பாருங்கள். எங்கள் கூட்டாளி ஒருவன் கால் மணி நேரம் அங்கேயே நின்றான், அவனை யாரும் அவசரப்படுத்தவில்லை.

நான்காவது: திரும்பும் வழியில் பள்ளிவாசல்

உபுடியா பள்ளிவாசல் 1917இல் கட்டி முடிந்தது, வரைந்தவர் ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர். வேலை நடக்கும்போது அரச குடும்பத்து யானைகள் இரண்டு சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டன. மறுபடி கல் வர வேண்டிய நேரத்தில் முதல் உலகப் போர், அதனால் கட்டடமே தாமதமானது. வாசலில் இருக்கும் பாச்சிக்கிடம் (பெரியவரிடம்) அனுமதி கேட்டு, தொழுகை நேரம் தவிர்த்து, அமைதியாகச் சுற்றி வரலாம். பக்கத்திலேயே, 1903இல் எழுந்த இஸ்தானா ஹூலுவில் சுல்தான் அஸ்லான் ஷா கேலரி இருக்கிறது, நேரம் இருந்தால் பாருங்கள்.

ஐந்தாவது: சாப்பாடு, சாயோங்

ஆற்றோர ஒட்டுக்கடைகளில் லக்சா நூடுல்ஸ் சாப்பிடுங்கள். குழம்பு மீனில் வைப்பது, சைவக்காரர்கள் கையோடு பொட்டலம் கட்டி வருவது நல்லது. பேராக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாயோங் கம்பம் (கிராமம்), சுரைக்காய் வடிவத்தில் லாபு சாயோங் என்ற கறுப்புக் கூஜா செய்யும் இடம். சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு நெல் உமியில் போடுவதால்தான் அந்தக் கறுப்பு. உள்ளே ஊற்றிய தண்ணீர் நம் மண்பானைத் தண்ணீர் போலவே ஜில்லென்று இருக்கும். வாங்கினால் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக: அந்த மரம்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், வேலி போட்டு ஒரு பால்மரம், அதாவது ரப்பர் மரம், நிற்கிறது. 1877இல் சிங்கப்பூர் வந்த 22 கன்றுகளில் 9 கோலகங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் நடப்பட்டன. அவற்றில் மிஞ்சியது இது என்கிறார்கள். அரண்மனையைப் பார்க்கத்தான் போனோம், ஆனால் நம் தாத்தா பாட்டி கப்பலேறி வந்ததற்கும், தோட்டத்து லயத்தில் நாம் பிறந்ததற்கும் இந்த மரம்தான் காரணம், இதைப் பார்க்காமல் அந்த ஊரை விட்டு வரக் கூடாது என்பது என் கட்சி.

அம்மா இருபத்தெட்டு வருஷம் தோட்டத்தில் ரப்பர் பாலுக்காக மரம் வெட்டியவர் (பட்டை சீவியவர்). வேலிக்கு வெளியே நின்று அடிமரத்திலிருந்து மேல் வரை பார்த்தார். "எம்மாம் பெரிய மரம்யா, இதுக்கு ரெண்டு மங்கு கட்டணும்" என்றார். மங்கு என்றால் பால் பிடிக்கும் கிண்ணம். அப்புறம் குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, பட்டையைப் பார்க்க வேலியை ஒட்டி இன்னொரு சுற்று நடந்தார். ஐந்து மணிக்குக் கிளம்பலாம் என்று திட்டம், ஐந்தரை ஆகிவிட்டது. நீங்களும் இந்த இடத்துக்கு அரை மணி நேரம் கூடுதலாகவே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.