எஸ்.ஐ. நேர்முகத் தேர்வு: போர்டு முன்னால் உட்காருவது எப்படி, பயிற்சிக்குக் கையிலிருந்து எவ்வளவு போகும்

எழுத்துத் தேர்வையும் கிரவுண்டு எனப்படும் உடல்திறன் தேர்வையும் தாண்டி நேர்முகத் தேர்வுப் பட்டியலில் பதிவெண் வந்துவிட்டால், அன்று சாயங்காலமே வீட்டில் இரண்டு பேச்சு ஆரம்பித்துவிடும். "போர்டுல என்ன கேப்பாங்க?" என்பது ஒன்று. "செலக்ட் ஆனா டிரெய்னிங்குக்கு எவ்வளவு கட்டணும்?" என்பது இன்னொன்று. ஊரில் ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். முதல் தடவை எஸ்.ஐ. தேர்வுக்குப் போகிறவர்களுக்காக இரண்டையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்து, உடல்தகுதி, சிறப்பு மதிப்பெண், அவ்வளவுதான். போர்டு, அதாவது கேள்வி கேட்கும் அதிகாரிகள் குழுவின் முன்னால் உட்காருவது எஸ்.ஐ. எனப்படும் சார்பு ஆய்வாளர் பதவிக்குப் போகிறவர்கள். காவலர் தேர்வுக்கு இன்டர்வியூ கோச்சிங் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

படி 1: முதலில் மார்க் கணக்கு

காவல்துறையில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கான ஒதுக்கீட்டில் இல்லாமல் பொதுப் போட்டியில் வருகிறவருக்கு மொத்தம் 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் 15, நேர்முகம் 10, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 5. தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். ஆனால் அந்த மார்க் மொத்தத்தில் சேராது.

10 மார்க்தானே என்று தோன்றும். எழுத்துத் தேர்வில் 140 கேள்விக்கு 70 மார்க், அதாவது ஒரு கேள்விக்கு அரை மார்க். நேர்முகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் உங்களைவிட 3 மார்க் கூட வாங்கினால், அவர் எழுத்துத் தேர்வில் ஆறு கேள்வி அதிகமாகச் சரியாகப் போட்டதற்குச் சமம். கட் ஆஃப் எல்லையில் நிற்கிறவருக்கு அது பெரிய தூரம். மீதி 90 மார்க்கில் இனி உங்களால் எதையும் மாற்ற முடியாது. இந்தப் பத்தில்தான் கை வைக்க முடியும்.

இன்னும் எழுத்துத் தேர்வே முடிக்காதவர்கள் இப்போதே இன்டர்வியூ வகுப்பில் சேர வேண்டாம். அந்த நேரத்தில் எழுத்துத் தேர்வின் உளவியல் பகுதியில் வரும் தர்க்க, எண் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். அதில் கிடைக்கிற மார்க் கையில் நிற்கும்.

படி 2: உங்கள் விண்ணப்பத்தை நீங்களே குறுக்கு விசாரணை செய்யுங்கள்

போர்டில் இருக்கும் அதிகாரிகளுக்கு உங்களைப் பற்றிக் கிடைக்கிற முதல் தகவல் நீங்கள் கொடுத்த விவரம்தான். பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு நோட்டை எடுத்து ஊர், மாவட்டம், பட்டம், இதுவரை பார்த்த வேலை, விளையாட்டு, பொழுதுபோக்கு என்று ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தின் தலைப்பில் எழுதுங்கள். கீழே அதிலிருந்து வரக்கூடிய கேள்விகளை எழுதுங்கள்.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர், பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது எப்போது? (2019) கொடைக்கானல் சீசனில் மலைப்பாதைப் போக்குவரத்தை நீங்கள் எப்படிச் சரிசெய்வீர்கள்? வேகத்தை அளக்கும் ஸ்பீடு கன் எந்தத் தத்துவத்தில் வேலை செய்கிறது? கடைசிக் கேள்விக்கு டாப்ளர் விளைவு என்று சொன்னால் போதாது, ஒரே நிமிடத்தில் எளிமையாக விளக்கவும் தெரிய வேண்டும். பி.காம். படித்தவரிடம் ஏலச்சீட்டு மோசடியைப் பற்றிக் கேட்பார்கள். தமிழ் இலக்கியம் படித்தவரிடம் ஒற்றாடல் அதிகாரத்திலிருந்து ஒரு குறளைச் சொல்லச் சொல்லி, இன்றைய உளவுப் பிரிவுக்கு அது பொருந்துமா என்று கேட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பட்டப்படிப்பை மறந்துவிட்டு பொது அறிவை மட்டும் புரட்டிக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

"ஏன் போலீஸ் வேலை?" என்ற கேள்வி வராமல் இருக்காது. "சின்ன வயதிலிருந்தே கனவு" என்ற பதிலை அன்று காலையிலிருந்து அவர்கள் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார்களோ! உங்கள் தெருவில், உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லி, அதனால் இந்த வேலை மேல் எண்ணம் வந்தது என்று இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். நிரந்தர வேலை என்பதும் ஒரு காரணம் என்று சேர்த்துச் சொன்னால் குறைந்துபோக மாட்டீர்கள். பி.இ. முடித்தவரிடம் "இன்ஜினியருக்கு இங்கே என்ன வேலை?" என்பார்கள். கோபப்படுகிறாரா என்று பார்ப்பதற்கான கேள்வி அது. சைபர் குற்றம், சி.சி.டி.வி., செல்போன் டவர் தகவல் என்று உங்கள் படிப்பு உதவும் இடத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 3: சட்டம், தேவையான அளவுக்கு

எல்.எல்.பி. அளவுக்கு யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதினியம். பழைய கைடு புத்தகத்தை வைத்துப் படித்துவிட்டு கொலைக்கு 302 என்று சொன்னால் முகம் மாறும். இப்போது அது 103. மோசடிக்கு 420 போய் 318 வந்திருக்கிறது. திருட்டு 303. செயின் பறிப்பு போன்ற பறிப்புக் குற்றத்துக்கு 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) பதிவு செய்யும் பிரிவு பழைய நடைமுறைச் சட்டத்தில் 154, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 173.

இவற்றோடு குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் (2012), அவசர எண் 112, சைபர் மோசடிக்கு 1930, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, காவல்துறைப் பதவிகளின் வரிசை, தோளில் இருக்கும் நட்சத்திரங்கள். இரண்டு நாள் வேலைதான்.

படி 4: "நீங்கள் ஸ்டேஷனில் இருக்கிறீர்கள், அப்போது..."

மார்க் பிரிகிற இடம் இதுதான். ஒரு சூழலைச் சொல்லி என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஒன்றை முழுசாகப் பார்ப்போம்.

"இரவு 11 மணி. ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண், செயினை அறுத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று உங்கள் ஸ்டேஷனுக்கு வருகிறார். சம்பவம் நடந்தது பக்கத்து ஸ்டேஷன் எல்லை. என்ன செய்வீர்கள்?"

"பக்கத்து ஸ்டேஷனுக்கு அனுப்பி வைப்பேன்" என்றால் கதை முடிந்தது. "உடனே விரட்டிப் பிடிப்பேன் சார்" என்பது சினிமா. வரிசையாகச் செய்கிற வேலையைச் சொல்லுங்கள். முதலில் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பேன். கழுத்தில் காயம் இருந்தால் மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்வேன். எத்தனை மணி, எந்த இடம், என்ன வண்டி, எந்தப் பக்கம் போனார்கள் என்று நான்கே கேள்வி கேட்டு, மைக்கில் கன்ட்ரோல் ரூமுக்கும் ரோந்து வண்டிகளுக்கும் சொல்வேன். அப்புறம் புகாரை வாங்கி எஃப்.ஐ.ஆர். போடுவேன். எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று பிரிவு 173 சொல்கிறது. பூஜ்ய எண்ணில் (ஜீரோ எஃப்.ஐ.ஆர்.) பதிந்து சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்கு மாற்றுவேன். ஒரு பிரதியை இலவசமாக அவர் கையில் கொடுத்து, பாதுகாப்பாக வீடு போய்ச் சேர வழி செய்வேன்.

இதற்கு மேல் அவர்கள் கிண்டுவார்கள். "சி.எஸ்.ஆர். ரசீது போட்டுக் கொடுத்தால் போதாதா?" போதாது. சி.எஸ்.ஆர். என்பது மனு வந்ததற்கான ரசீது. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்கின் பெயர் ஞாபகம் வராவிட்டாலும் பரவாயில்லை, விஷயம் வர வேண்டும்.

இன்னொரு வகைக் கேள்வி கொஞ்சம் கசப்பானது. "மேலதிகாரி ஒருவரைப் பிடித்துவரச் சொல்கிறார், கைது காட்டாமல் இரண்டு நாள் வைத்திருக்கச் சொல்கிறார்." சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் காவலில் இறந்ததற்குப் பிறகு இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-வது பிரிவு. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பு. இதை மரியாதையாக அதிகாரியிடம் எடுத்துச் சொல்வேன், சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருக்க மாட்டேன் என்பதுதான் பதில். "அவர் கோபப்பட்டால்? டிரான்ஸ்ஃபர் போட்டால்?" என்று அழுத்துவார்கள். பதிலை மாற்றாதீர்கள், குரலையும் உயர்த்தாதீர்கள். முதல் அழுத்தத்திலேயே "அப்படீன்னா சரிங்க சார், நீங்க சொல்றபடி" என்று வளைபவரை ஸ்டேஷனில் உட்கார வைக்க எந்த நல்ல அதிகாரிக்கும் மனசு வராது.

தெரியாத கேள்விக்கு "தெரியவில்லை சார்" போதும். சுற்றி வளைத்தால் அடுத்த நான்கு கேள்வியும் அதே இடத்திலிருந்துதான் வரும்.

படி 5: ஒத்திகை

மாக் இன்டர்வியூவுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கூடவே தேர்வான இரண்டு பேர், ஒரு மேசை, வீடியோ எடுக்க ஒரு செல்போன் போதும். வீடியோவைத் திரும்பப் பார்க்கும்போது, கால் ஆட்டுவதும் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் "வந்து... வந்து..." என்பதும் தானே கண்ணில் படும். ஊரில் ஓய்வுபெற்ற எஸ்.ஐ. அல்லது இன்ஸ்பெக்டர் ஒருவர் கட்டாயம் இருப்பார். போய் "ஐயா, ஒரு மணி நேரம் கேள்வி கேளுங்க" என்று நில்லுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் செய்வார்கள். கைடில் இல்லாத ஸ்டேஷன் நடைமுறையும் அந்தப் பேச்சில் சேர்ந்து கிடைக்கும்.

படி 6: அன்றைக்கு

வெளிர் நிறச் சட்டை, அயர்ன் செய்த பேன்ட், பாலிஷ் போட்ட ஷூ. பெண்கள் புடவையோ சுடிதாரோ, எது உறுத்தாமல் இருக்குமோ அது. காக்கி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு போக வேண்டாம், தயவுசெய்து. பொதுப் போட்டியில் வருகிறவர் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. வணக்கம் சொல்லி, உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். அசல் சான்றிதழ்களை அழைப்புக் கடிதத்தில் உள்ள வரிசைப்படி அடுக்கி எடுத்துப்போங்கள்.

படி 7: வழக்கு இருந்தால் மறைக்காதீர்கள்

பட்டியலில் பெயர் வந்தபின் போலீஸ் வெரிஃபிகேஷன் நடக்கும். கல்லூரிக் காலத்து அடிதடி வழக்கு, சாலை மறியல் வழக்கு என்று எது இருந்தாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆகியிருந்தால்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதும் விதி காவல் பணியில் இருக்கிறது, அதனால் ஒரு வக்கீலிடம் முன்கூட்டியே தீர்ப்பு நகலைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட மறைத்ததே பெரிய காரணமாகிவிடும்.

படி 8: கோச்சிங் செலவு

இப்போது பணம். வாரியத்துக்குக் கட்டுகிற தேர்வுக் கட்டணம் 500 ரூபாய்தான். மற்றதெல்லாம் நாமாக இழுத்துக்கொள்வது. தனியார் அகாடமிகளின் விளம்பரப் பலகையில் எழுதியிருக்கும் ஃபீஸை மட்டும் பார்க்காதீர்கள். வெளியூர் ஹாஸ்டலும் சாப்பாடும் மாதம் 7,000 என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு 42,000. அதோடு டெஸ்ட் பேட்ச், கிரவுண்டு பயிற்சிக்குத் தனிக் கட்டணம், ஷூ, அந்த ஆறு மாதம் வேலைக்குப் போகாத சம்பளம். மொத்தத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துச் சேருகிற அளவுக்கு எந்த அகாடமியிலும் ரகசியம் ஒன்றும் இல்லை.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் நடக்கும் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இலவசமாகவே வகுப்பு உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையான பள்ளிப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆளுக்கு எது பலவீனமோ அதற்கு மட்டும் பணம் கொடுங்கள். ஓட்டம் நன்றாக வருகிறவருக்கு கிரவுண்டு பேக்கேஜ் எதற்கு?

"போர்டில் ஆள் இருக்கிறது, இவ்வளவு கொடுத்தால் 10-க்கு 9 வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவரிடம் பேச்சே வேண்டாம். பணமும் போகும். எஸ்.ஐ. ஆக வேண்டியவர் மோசடிப் புகார் கொடுக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

படி 9: தேர்வான பிறகு பயிற்சிக்கு

நேரடி எஸ்.ஐ.க்களுக்கு ஓராண்டு அடிப்படைப் பயிற்சி. வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் இருக்கும் தமிழ்நாடு காவல் உயர் பயிற்சியகம்தான் அதற்கான முக்கிய இடம். அதற்கு நீங்கள் ஃபீஸ் கட்டுவதில்லை. பயிற்சியில் சேர்ந்ததிலிருந்து அரசு உங்களுக்குச் சம்பளம் தரும். எஸ்.ஐ. சம்பள விகிதம் 36,900 - 1,16,600. அமெரிக்காவில் சில இடங்களில் வேலை கிடைப்பதற்கு முன்பே சொந்தப் பணத்தில் போலீஸ் அகாடமி முடிக்கிற வழக்கம் இருக்கிறது. அதைப் பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே பயப்பட வேண்டாம்.

ஆனாலும் கையில் கொஞ்சம் பணம் வேண்டும். முதல் சம்பளம் பில் போட்டு வரும்வரை சமாளிக்க வேண்டும். மெஸ் பில், பென்ஷன் பிடித்தம் போகத்தான் மீதி கைக்கு வரும், அதனால் முழுச் சம்பளத்தை நம்பி முதல் மாதமே வீட்டுக்கடன் தவணைக்குத் தேதி சொல்லிவிடாதீர்கள். டிரங்குப் பெட்டி, நல்ல பூட்டு, வாளி, கொசுவலை, வெள்ளை பனியன்கள், கூடுதலாக ஒரு ஜோடி ஓட்ட ஷூ, காலில் கொப்புளம் வந்தால் போட பிளாஸ்டர் என்று சின்னச் சின்னதாகச் செலவு வரும். சேரும் ஆணையில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். அது வரும்வரை எதையும் வாங்காதீர்கள், ஷூவைத் தவிர. புது ஷூவோடு பரேடு மைதானத்தில் இறங்கினால் முதல் வாரமே கால் போய்விடும். சேருவதற்கு ஒரு மாதம் முன்பே வாங்கி, தினமும் போட்டு ஓடிப் பழக்குங்கள். பயிற்சியின் இடையில் விலகினால் என்ன நிபந்தனை என்பதையும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.