பழைய நுவார் படத்தின் டிஸ்க்குகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரோல் ரீட் 1949இல் எடுத்த 'தி தேர்ட் மேன்' என்ற நுவார் படத்தை, அதாவது இருண்ட குற்றக் கதைப் படத்தை, எந்த டிஸ்க்கில் வாங்கலாம் என்று கேட்டு வருகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒப்பீட்டையும் தாங்களே முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். இரண்டு பதிப்புகளின் ஸ்கிரீன்ஷாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள், பெட்டியின் பின்புறம் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் பார்த்திருப்பார்கள், ஒரு முடிவுக்கும் வந்திருப்பார்கள். அந்த முடிவு தப்பாக இருக்கும். டிவிடி காலத்தில் நாங்கள் ஒரு கூட்டமே தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் விழுகிறார்கள், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ரீஜியன் கோடு பார்த்து வாங்குங்கள், கீறல் இருக்கிறதா பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை, அவை எல்லாருக்கும் தெரியும்.

வெளிச்சம் கூடினால் நல்ல பதிப்பு என்று நினைப்பது

இந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்காக ராபர்ட் கிராஸ்கர் ஆஸ்கர் வாங்கினார். போரில் இடிந்த வியன்னாவின் இரவுத் தெருக்கள், ஈரமான கல் பாவிய தரையில் விளக்கு வெளிச்சம், மற்றபடி கும்மிருட்டு. ஒரு வாசல் இருட்டில் ஆர்சன் வெல்ஸ் நிற்கிறார், எதிர்வீட்டு ஜன்னல் விளக்கு எரிந்ததும் முகம் தெரிகிறது. அந்த வாசல் முன்கூட்டியே சாம்பல் நிறத்தில் வெளுத்துத் தெரிந்தால் அந்தக் காட்சியே போச்சு. "இந்தப் பதிப்பில் இருட்டுக்குள் இருக்கிற செங்கல் எல்லாம் தெரிகிறது" என்று ஒருவர் பாராட்டும்போது எனக்கு அடிவயிறு கலங்குகிறது. கறுப்பு கறுப்பாக இருக்கிறதா, விளக்கைச் சுற்றியுள்ள வெள்ளை எரிந்துபோகாமல் இருக்கிறதா, இடையில் எத்தனை படி சாம்பல் இருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது

டிஸ்க்கில் கறுப்பு என்பது 16, வெள்ளை என்பது 235. கணினித் திரையில் கறுப்பு 0, வெள்ளை 255. பிளேயர் மென்பொருள் இந்த மாற்றத்தைச் சரியாகச் செய்யவில்லை என்றால் படம் வெளுத்துப்போகும், இரண்டு முறை செய்தால் இருட்டுப் பகுதிகள் அப்படியே அடைத்துக்கொள்ளும். இரண்டுமே டிஸ்க்கின் குறை இல்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரின் செட்டிங். அப்புறம், வீடியோவில் எல்லா ஃபிரேமும் ஒரே அளவு விவரத்தோடு சுருக்கப்படுவதில்லை. ஒரு பதிப்பில் முழுமையாகப் பதிந்த ஃபிரேமும் இன்னொன்றில் இடைப்பட்ட ஃபிரேமும் மாட்டிக்கொண்டால் நல்ல பதிப்பே மட்டமாகத் தெரியும். முன்னும் பின்னும் நாலைந்து ஃபிரேம் எடுத்துப் பாருங்கள். அதைவிட, படத்தை ஓடவிட்டுப் பாருங்கள்.

நிமிடக் கணக்கைப் பார்த்து 'வெட்டிவிட்டார்கள்' என்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை விளக்கினாலும் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது, காரணம் இதில் பணம் போகிறது.

'தி தேர்ட் மேன்' டிஸ்க்குகளின் பெட்டிகளை வரிசையாக வைத்தால் 104 நிமிடம், 100 நிமிடம், 93 நிமிடம் என்று மூன்று கணக்குகள் கிடைக்கும். மூன்று வெவ்வேறு வெட்டு இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். இருப்பது இரண்டுதான்.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிறது. ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் பழைய டிவி 'பால்' முறையில் நொடிக்கு 25 ஃபிரேம் காட்டியது. அதனால் 'பால்' டிவிடி செய்தவர்கள் படத்தையே 25 ஃபிரேம் வேகத்துக்கு ஏற்றி ஓட்டிவிட்டார்கள். எந்தக் காட்சியும் போகாது, எல்லாமே நாலு சதவீதம் வேகமாக ஓடும். 104ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்தால் 100க்குச் சற்றுக் குறைவாக வரும். அந்த 100 நிமிட டிவிடி முழுப் படம்தான்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் அப்படி ஓர் இங்கிலாந்து டிவிடி வைத்திருந்தான். அமெரிக்க டிஸ்க் நிறுவனமான கிரைட்டீரியன் 1999இல் வெளியிட்ட டிவிடியில் 104 நிமிடம் என்று பார்த்ததும், "நாலு நிமிஷம் வெட்டிட்டாங்கண்ணா" என்று சொல்லிக் கையில் இருந்ததை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அச்சில் இல்லாத அந்தப் பழைய டிவிடியை அநியாய விலைக்கு வாங்கினான். அப்புறம் அந்த நாலு நிமிடக் காட்சிகளைத் தேடிக்கொண்டே இருந்தான். இல்லாததை எங்கே தேடுவது? அந்தப் பணத்தில் ஒரு நல்ல ப்ளூரே வாங்கியிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறு இன்னும் மோசம். 'பால்' வேகம் பற்றி அரைகுறையாகக் கேள்விப்பட்ட இன்னொருவர், 93 நிமிடம் என்று போட்ட மலிவு டிஸ்க்கைப் பார்த்துவிட்டு "அதெல்லாம் வேக வித்தியாசம், படம் முழுசாகத்தான் இருக்கும்" என்று தைரியமாக வாங்கினார். கணக்குப் போட்டே பார்க்கவில்லை. 104 நிமிடம் எந்த முறையில் வேகமேற்றினாலும் 93 ஆகாது. 93 என்பது அமெரிக்காவில் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் 11 நிமிடத்தை வெட்டி வெளியிட்ட வடிவம். அதையே 'பால்' முறையில் போட்டால் 89 நிமிடம் வரும்.

போனது 11 நிமிடம் மட்டும் இல்லை. 104 நிமிடம் ஓடும் பிரிட்டிஷ் வடிவத்தில் தொடக்கத்தில் வியன்னாவைப் பற்றிப் பேசுகிற குரல் கரோல் ரீடுடையது. யாரென்று தெரியாத, கள்ளச் சந்தையைக் கண்ணால் பார்த்த ஒருவனின் அலட்சியக் குரல். அமெரிக்க வடிவத்தில் அங்கே ஜோசப் காட்டன் பேசுகிறார், கதாநாயகன் ஹாலி மார்ட்டின்ஸாகவே. ஊரை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கிற தொனி போய், ஒரு நல்ல மனிதன் தன் கதையைச் சொல்வதாகப் படம் மாறிவிடுகிறது. மார்ட்டின்ஸின் அசட்டுத்தனம்தான் இந்தப் படத்தின் உயிர், அதில் கை வைத்த வடிவத்தை முதல் முறை பார்ப்பவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் நிமிடத்தில் பேசும் குரலைக் கேளுங்கள், பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, இரண்டு டிஸ்க்கையும் ஒரே காட்சியில் தொடங்கி ஓட்டுங்கள். வித்தியாசம் நிமிடத்துக்கு சுமார் 2.4 நொடி வீதம் சீராக ஏறிக்கொண்டே போனால் அது வேகம். சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்த இரண்டும் ஓரிடத்தில் திடீரென்று விலகினால் அது வெட்டு. இரண்டும் கலந்தும் வரலாம், அதனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், படம் முழுக்க ஏழெட்டு இடங்களில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காது பழகியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இந்தப் படம் முழுக்க அன்டன் கராஸ் வாசித்த ஸிதர் என்ற தந்தி வாத்தியம் ஒன்றுதான் இசை. வேகமேற்றிய டிவிடியில், சுருதியைத் திருத்தாமல் விட்டிருந்தால், கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறிக் கேட்கும். ஒரு தம்பூரா ஆப்பை வைத்துக்கொண்டு சரிபார்க்கலாம். நடிகர்களின் குரலும் சற்று மெலிந்திருக்கும். ப்ளூரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது, அது 24 ஃபிரேமிலேயே ஓடும்.

கிரெயினை அழுக்கு என்று நினைப்பது

திரை முழுக்க மணல் போல நெளிகிற கிரெயின் ஃபிலிமின் சொந்த உடம்பு. அதைக் கணினியில் துடைத்தால் கூடவே தோலின் துளைகளும் கோட்டின் நெசவும் போய்விடும். முகங்கள் மெழுகு பூசியதுபோல வழவழப்பாக இருந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள்.

ஓரத்துக் கறுப்புப் பட்டை

படம் எடுத்த அளவே 1.37:1தான், அதாவது அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு, அதனால் இன்றைய அகலத் திரையை நிரப்பாது. டிவியின் ஜூம் பொத்தானைத் தொடாதீர்கள்.

5.1 ஒலி

படத்தின் மூல ஒலி ஒரே தடத்தில் பதிந்த மோனோ. மோனோவைப் போடுங்கள்.

பெட்டியில் '4கே' என்று இருந்தால் போதும் என்பது

4கே மறுசீரமைப்பு என்று எழுதிய சாதாரண ப்ளூரேயும் உங்கள் கைக்கு வரும்போது 1920க்கு 1080 புள்ளிகள்தான். ஸ்கேன் செய்தது 4கேயில், அவ்வளவே. அதனால் பலன் இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் முதலில் கேட்க வேண்டியது எதை ஸ்கேன் செய்தார்கள் என்பதை. மூல நெகட்டிவா, அதிலிருந்து எடுத்த மாஸ்டர் பாசிட்டிவா, தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரிண்டா? 'தி தேர்ட் மேன்' 2015 மறுசீரமைப்புக்கு நெகட்டிவிலிருந்து எடுத்த மாஸ்டர் பாசிட்டிவைத்தான் பயன்படுத்தினார்கள். எட்கர் உல்மரின் 'டீடூர்' (1945) பல வருடம் காப்புரிமை இல்லாமல் கிடந்து, ஆளாளுக்கு நகலின் நகலை டிஸ்க்காகப் போட்ட படம். அதைப் பார்த்துவிட்டு "படமே மட்டமாக எடுத்தது" என்று சொன்னவர்கள் பலர். 2018 மறுசீரமைப்புக்குப் பெல்ஜியத்து ஆவணக் காப்பகத்தில் இருந்த பிரிண்ட் முக்கிய ஆதாரமானது. கிரைட்டீரியன் 2019இல் வெளியிட்ட அந்த டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள், அந்த மங்கல் எதுவும் உல்மருடையது இல்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரே பெயர் என்றால் ஒரே படம் என்று நினைப்பது

வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. தியேட்டரில் ஓடியது சுமார் 95 நிமிடம். வெளியீட்டுக்கு முன் பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டி, 1970களில் கண்டெடுத்த வடிவம் அதைவிட நீளம். வெல்ஸ் ஸ்டுடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வைத்து வால்டர் மர்ச் 1998இல் தொகுத்தது மூன்றாவது. முதல் ஷாட்டிலேயே வித்தியாசம் தெரியும். தியேட்டர் வடிவத்தில் பெயர்கள் திரையில் ஓடும், ஹென்றி மான்சினியின் இசை ஒலிக்கும். 1998 வடிவத்தில் பெயர்கள் இல்லை, தெருவில் இருக்கிற விடுதிகளின் பாட்டும் கார் ரேடியோவும்தான் கேட்கும். ஒருவர் தியேட்டர் வடிவத்திலிருந்து ஒரு ஃபிரேமும் 1998 வடிவத்திலிருந்து ஒரு ஃபிரேமும் எடுத்து 'படத்தரம்' ஒப்பிடுகிறார் என்றால் அவர் ஒப்பிடுவது வேறு வேறு மாஸ்டர்களை. இந்தப் படத்தை 1.37இல் பார்ப்பதா 1.85இல் பார்ப்பதா என்ற சண்டையும் தனியாக ஓடுகிறது. 2011இல் இங்கிலாந்தில் வந்த ப்ளூரேயில் தியேட்டர் வடிவமும் 1998 வடிவமும் இரண்டு அளவிலும் இருப்பதால், ஐரோப்பிய டிஸ்க்குகளை ஓட்டும் ரீஜியன் பி பிளேயர் உள்ளவர்கள் அதை வாங்கித் தாங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.